காமராசரையே தோற்கடித்த ஜனங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், வயது 27. அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். கண்மாய் முழுக்க சீமைக் கருவேலம். வரத்துக் கால்வாய் தூர்ந்து பதினைந்து வருடமாகிறது. இருந்தும் அப்பா ஒவ்வொரு தேர்தலிலும் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். வீடு தேடி வருகிற பணத்தையும் வாங்கிக்கொள்கிறார். கேட்டால், அம்மாவுக்கு முடியாமல் போன ராத்திரி கிளைச் செயலாளர்தான் வண்டி பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனார் என்று பழங்கதை பேசுகிறார். அப்பத்தாவுக்கு 83 வயது. 1967-ல் காமராசருக்கு எதிராகக் குத்தியவர் அவர். இப்படித் தங்களுக்கு எதிராகத் தாங்களே ஓட்டுப் போட்டுக்கொள்ளும் ஜனங்களை வைத்துக்கொண்டு ஜனநாயகம் எப்படி உருப்படும்? ஓட்டுப் போட ஒரு தேர்வு வைத்தால் என்ன? போன முறை ஊருக்குப் போனபோது அப்பாவின் வாக்காளர் அட்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். செய்தது தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவரை ஓட்டுப் போட விடாமல் தடுப்பது தேர்தல் குற்றம். அதைவிட, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார் அட்டையையோ படம் ஒட்டிய பாங்க் பாஸ்புக்கையோ காட்டி உங்கள் அப்பா ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுவார். கல்லூரியில் முப்பது வருடம் அரசியல் அறிவியல் நடத்தினேன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் டியூட்டி. அட்டை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. உங்கள் அப்பா என் சாவடிக்கு வந்திருந்தாலும் விரலில் மை வைத்துத்தான் அனுப்பியிருப்பேன்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். அப்பாவை விட்டுவிட்டு அப்பத்தாவிடமிருந்து தொடங்குகிறேன்.

'காமராசரையே தோற்கடித்த ஜனங்கள்தானே' என்ற பேச்சை டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், அரசியல் அறிவியல் படித்தவர்கள் நிறைந்த ஸ்டாஃப் ரூமிலும் கேட்டிருக்கிறேன். ஜனங்களுக்கு நல்லது கெட்டது தெரியாது என்று சொல்ல நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரை, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவரை, அவருடைய சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்க வைத்தார்கள். கதையாகக் கேட்டால் நெஞ்சு கனக்கும். கணக்கை எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

1967 பிப்ரவரியில் காமராசர் முதலமைச்சர் இல்லை. 1963 அக்டோபரிலேயே பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போய்விட்டார். கோட்டையில் இருந்தவர் பக்தவத்சலம். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்திருந்தார்கள். கூடவே அரிசித் தட்டுப்பாடு. எதிரே நின்ற திமுக ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. உங்கள் அப்பத்தாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். இன்றைக்கு உலையில் போட அரிசி இருக்கிறதா என்பதை ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு பெண் யோசித்தால், அது தன் நலனுக்கு எதிரான யோசனையா? பத்து வருடத்துக்கு முன்னால் செய்த நல்லதை நினைத்துக்கொண்டு அவர் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா?

இன்னொரு கணக்கும் உண்டு. 1962 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம். 1967-ல் 41. விரட்டியடித்தார்கள் என்று நாம் சொல்கிற தேர்தலில் நூற்றுக்கு ஐந்து ஓட்டுதான் குறைந்திருக்கிறது. மாநிலத்தில் அதிக ஓட்டு வாங்கிய தனிக்கட்சி அப்போதும் காங்கிரஸ்தான். கூட்டணிக்கு இடம் விட்டுக்கொடுத்துக் குறைவான தொகுதிகளில் நின்ற திமுகவுக்கு அதைவிட அரை சதவீதம் போலக் குறைவு. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்ட் வரை எதிர்க்கட்சிகள் பலவும் ஓட்டைச் சிதற விடாமல் ஓரணியில் நின்றதால், 234 இடத்தில் காங்கிரசுக்கு ஐம்பது சொச்சம்தான் மிஞ்சியது. விருதுநகரிலும் 643 பேர் சின்னத்தை மாற்றிக் குத்தியிருந்தால் முடிவு மாறியிருக்கும். ஒரு தொகுதியின் 643 பேரை வைத்துக்கொண்டு ஒரு இனத்துக்கே நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வைத்துவிட்டோம். (1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அதே ஜனங்கள் காமராசரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது ஏனோ பந்திப் பேச்சில் வருவதில்லை.)

தோற்றது கூடப் பரவாயில்லை, அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1956-ல் தொடங்கிய மதிய உணவை அடுத்து வந்தவர்கள் நிறுத்தவில்லை. 1982-ல் எம்ஜிஆர் அதைச் சத்துணவாக்கினார். 2022-ல் காலை உணவும் வந்தது. ரூபாய்க்கு மூன்று படி முழுசாக நிறைவேறவே இல்லை. சென்னையிலும் கோவையிலும் ஒரு படி என்று ஆரம்பித்து அதோடு நின்றது. ஆனால் அன்றிலிருந்து ரேஷன் அரிசியை ஒரேயடியாக நிறுத்த இந்த மாநிலத்தில் எந்த முதலமைச்சருக்கும் துணிச்சல் வரவில்லை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011-லிருந்து இலவசம். காமராசரையே தூக்கிப் போட்டவர்கள் நம்மை விட்டுவைப்பார்களா என்ற பயம் கோட்டையில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களில் உங்கள் அப்பத்தாவும் ஒருவர். நல்ல மனிதரைத் தேர்ந்தெடுக்கத்தான் தேர்தல் என்று பாடப் புத்தகம் சொல்லும், நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் வந்தவரைக் கத்தியின்றி ரத்தமின்றி இறக்க முடிகிறதே, அதுதான் அதன் பெரிய வேலை என்று ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்கே உறைத்தது.

இப்போது அப்பா. கண்மாய்க்காக அவர் ஓட்டுப் போடவில்லை என்பதுதான் உங்கள் வருத்தம். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பொத்தான், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. அந்த ஒரு பொத்தானில் கண்மாய், முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், கூட்டுறவுக் கடன், ராத்திரி ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். பதினைந்து வருடம் என்றால் அதற்குள் இரண்டு பெரிய கட்சிகளும் ஆண்டுவிட்டன. கருவேலம் யார் ஆட்சியிலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆக, உங்கள் அப்பா எந்தப் பொத்தானை அழுத்தினால் கண்மாய் தூர் வாரப்பட்டிருக்கும்? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் சொல்லலாம்.

கிளைச் செயலாளர் கதையை நீங்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுக்க அந்த வரிதான் தெரிகிறது. கையில் மாதச் சம்பளமும் இன்சூரன்ஸ் அட்டையும் இல்லாத வீட்டில், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருகிற ஆள் எவ்வளவு பெரிய சொத்து என்பது சென்னையில் இருக்கும் உங்களுக்குப் புரியாமல் போவது இயல்பு. அவசரத்துக்கு நீங்கள் போனில் வண்டி வரவழைப்பீர்கள். அவர் கட்சிக்காரரைக் கூப்பிடுகிறார். அதற்கான சந்தாவை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டாகக் கட்டுகிறார். அரசு ஆஸ்பத்திரியும் தாலுகா ஆபீசும் ஆள் தயவில்லாமல் வேலை செய்தால் அந்தச் சந்தா தேவைப்படாது. அந்தத் தப்பு உங்கள் அப்பாவுடையதில்லை.

பணம் வாங்கியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. பணப் புழக்கத்துக்காகத் தேர்தல் ஆணையம் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே.நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்தது. ஆனால் பணம் ஓட்டை வாங்கிவிடுகிறது என்று அவ்வளவு லேசாக நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மறைப்புக்குள் என்ன நடக்கிறது என்று கொடுத்தவனுக்குத் தெரியாதே! வாங்கியாச்சு, இனி மாற்றிப் போட்டால் பாவம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. பணத்தின் உண்மையான கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. கோடிக் கணக்கில் செலவழிக்க முடியாதவன் நிற்கவே முடியாது என்றாகிவிட்டது. கண்மாயைப் பற்றித் தெரிந்த ஒரு ஆள் உங்கள் தொகுதியில் வேட்பாளராக வராமலே போவது அதனால்தான்.

'தன் நலனுக்கு எதிராக' என்ற சொல்லை ஏழையைப் பார்த்து மட்டும்தான் சொல்கிறோம் என்பதையும் கவனியுங்கள். சுவிட்சர்லாந்தில் 2012 மார்ச்சில் ஒரு பொதுவாக்கெடுப்பு. சம்பளத்தோடு வருட விடுமுறையை நான்கு வாரத்திலிருந்து ஆறு வாரமாக்கலாமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். கம்பெனிகளுக்குச் செலவு கூடும், வேலை போகும் என்று யோசித்தார்களாம். லீவு வேண்டாம் என்று தொழிலாளியே ஓட்டுப் போட்டதை உலகப் பத்திரிகைகள் அதிசயமாக எழுதின, பொறுப்பான குடிமக்கள் என்று பாராட்டியவர்களும் உண்டு. அதையே நம்ம ஊர் நெசவாளி செய்திருந்தால் அறிவு கெட்டவன் என்றிருப்போம்.

இதற்காக ஜனங்கள் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை, உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். உங்கள் மாவட்டத்திலேயே கொட்டக்கச்சியேந்தல். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே தலைவர் என்று ஒருவர் முறையாக உட்கார முடியவில்லை. மனுத் தாக்கல் நடக்காது. நடந்தால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஜெயித்துப் பதவியில் உட்கார்ந்த முருகேசனை 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி வகையறாவில் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது 2006 அக்டோபரில். அந்தப் பத்து வருடமும் தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் முடிவெடுக்கத் தலைவர் இல்லாமல் கிடந்தது எல்லாருடைய ஊரும்தான், தடுத்தவர்களின் ஊரும்தான். தன் நலனைத் தானே கெடுத்துக்கொண்டதற்கு உதாரணம் கேட்டால் நான் இதைச் சொல்வேன், காமராசரைச் சொல்ல மாட்டேன். அங்கே அறியாமை ஒன்றும் இல்லை. என்ன இழக்கிறோம் என்று தெரிந்தேதான் இழந்தார்கள். அடுத்தவன் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதும் அவர்கள் கணக்கில் ஒரு நலனாக இருந்தது. தேர்வு வைத்திருந்தாலும் பாஸாகியிருப்பார்கள்.

அந்தத் தேர்வு யோசனைக்கே வருகிறேன். இது புதுசு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள். இலங்கையில் 1931-ல் எல்லாருக்கும் ஓட்டு என்று பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் குழு சிபாரிசின்படி வந்தபோது, பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய படிப்பாளிகளே முன்கூட்டி அதை எதிர்த்திருந்தார்கள். நடந்தது என்ன? ஓட்டுக் கேட்கப் போன இடமெல்லாம் ஜனங்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்டார்கள். 1945-ல் இலவசக் கல்வி வந்தது. அதே நாட்டில் 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்கள் ஏழு லட்சம் பேர் அளவில் குடியுரிமையையும் அதோடு ஓட்டையும் இழந்தார்கள். 1947-ல் அவர்களுடைய இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஆறேழு எம்.பி.க்கள். 1952-ல் ஒருவர் கூட இல்லை. நாடெங்கும் இலவசக் கல்வி ஓடியபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் 1970-கள் வரை அதற்கு வெளியேதான் கிடந்தன. ஒரே தீவு, ஒரே அரசாங்கம். ஓட்டு இருந்தவனுக்குப் பள்ளிக்கூடம் வந்தது, ஓட்டு இல்லாதவனுக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறைதான்.

பிரேசிலில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே முன்பு வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ கையால் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களின் ஓட்டு குவியல் குவியலாகச் செல்லாமல் போயிற்று. அந்தச் சமயம் சட்டத்தில் தேர்வு எதுவும் இல்லை, சீட்டே தேர்வாகிவிட்டது. 1998-ல் பெரிய நகராட்சிகளில் மட்டும் எண்ணை அழுத்தினால் வேட்பாளர் படம் வரும் மின்னணு இயந்திரம் வைத்தார்கள். பின்னால் தாமஸ் ஃபுஜிவாரா என்ற பொருளாதார அறிஞர் இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பத்தில் ஒருவருக்கும் மேல் புதிதாக ஓட்டுக் கிடைத்த மாதிரி ஆகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்களின் ஓட்டு எண்ணப்பட்ட பிறகு மாநில அரசுகள் சுகாதாரத்துக்கு அதிகம் செலவழித்தன. படிக்காத தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வாக்கு எண்ணிக்கை மண்டபங்கள் ஞாபகம் வந்தன. மின்னணு இயந்திரம் வருவதற்கு முன் சீட்டுகளைப் பிரித்து எண்ணுவோம். செல்லாத ஓட்டு என்று ஒரு தனிக் கட்டு சேரும். இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்த முத்திரை, முத்திரைக்குப் பதில் கைரேகை, தப்பாக மடித்ததால் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்ட மை. இள வயசில் அந்தக் கட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் யார் என்று அப்போது யோசிக்கவில்லை.

படித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க 72 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. சென்னை மாவட்டம் அறுபதைத் தொடவில்லை. நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை, விடுங்கள்.

இனி கண்மாய்க்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன், உங்கள் கோபம் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், எவ்வளவு என்று அப்பாவிடம் கேளுங்கள். 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, மேலே என்றால் நீர்வளத் துறை. யாருடைய கண்மாய் என்றே தெரியாமல் தப்பான ஆபீசில் மனுக் கொடுத்துக் காத்திருக்கும் ஊர்கள் எத்தனையோ. அப்புறம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: கடைசியாக எந்த வருடம் தூர் வாரியதாகக் கணக்கு, எவ்வளவு தொகை, எந்தத் திட்டம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தூரே வாராத கண்மாய்க்கு வாரியதாகக் கணக்கு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. வரத்துக் கால்வாய் சர்வே எண்ணோடு, மடை, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லி ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ஐந்து வருடப் பொத்தானில் கண்மாய் என்று தனியாகச் சொல்ல முடியாது, இங்கே சொல்லலாம். சர்வே எண் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கிளைச் செயலாளரையும் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவர், பகல் பதினொரு மணிக்கும் வரலாம்.

அட்டையைத் தபாலில் போடாமல் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். போகிறபோது அப்பத்தா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, 1967-ல் ஏன் அப்படிக் குத்தினார், அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதினால் சந்தோஷப்படுவேன்.